கிணற்றில் போட்டவனும் கண்டெடுத்தவனும்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு கடந்து வந்தவர்களின் ஊராக இருந்தது. அதே அளவுக்கு ஒற்றர்களின் ஊராகவும் இருந்தது. 1908இல் பாரதி வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அவ்வாண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின் பிரிட்டிஷாரின் கண்காணிப்பு மேலும் இறுகியது. மறு ஆண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று புதுவைவாசிகளுக்குப் பழக்கமானது. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கையில் ஒரு ஜாடி சிக்கியது. உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள். ஐயரும் நண்பர்களும் அதை ஒளிக்கவில்லை, எரிக்கவுமில்லை. தாமே முந்திக்கொண்டு பிரெஞ்சு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். பிரிட்டிஷாரின் கையாள் ஒருவன் கொடுத்த புகாரின் பேரில் அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, அங்கே கிரேக்க, லத்தீன் எழுத்துகளைக் கண்டு, சந்தேகம் மரியாதையாக மாறித் திரும்பிப் போனார். புகார் கொடுத்தவன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிவிட்டான்.

கிணற்றுக்குள் கிடப்பதைப் பிறர் பார்க்குமுன்பே அறிந்திருக்க ஒருவனால்தான் முடியும். அவன் அதைப் போட்டவன். இந்தப் பழைய பாடம் கணினியின் வரலாற்றில் எப்படி மீண்டும் வந்தது என்பதை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2005ஆம் ஆண்டு வாக்கில், ரெட்டியார்பாளையத்தில் நான் அடிக்கடி போய்வந்த ஒரு பிரவுசிங் சென்டரில், திரையின் குறுக்கே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். கணினியில் ஒற்று நிரல்கள் நுழைந்துவிட்டன, பணம் கட்டினால் நீக்கித் தருகிறோம் என்பது அதன் சாரம். கடைக்காரர் அதை உண்மையென்று நம்பி இரண்டு கணினிகளை வெறுமையாக்கி மீண்டும் நிறுவினார். சில நாட்களில் அதே எச்சரிக்கை திரும்பி வந்தது. எச்சரித்த மென்பொருளே நோய் என்பது எங்களுக்குப் புரியக் காலம் பிடித்தது.

ஒற்று நிரல், அதாவது ஸ்பைவேர், அக்காலத்தில் பெரும்பாலும் இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டு இறக்கிக்கொள்ளப் பலரும் நிறுவிய கசா போன்றவற்றோடு விளம்பர நிரல்களும் உள்ளே புகுந்து, நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதைக் குறித்து அனுப்பின. இதற்கு மாற்றாக 2000ஆம் ஆண்டையொட்டி ஸ்டீவ் கிப்சனின் ஆப்ட்அவுட், ஆட்-அவேர், ஸ்பைபாட் முதலிய கருவிகள் தோன்றின. இவற்றுக்குக் கிடைத்த நற்பெயரைக் கண்டு போலிகள் முளைத்தன. 'ஸ்பைவேர் அசாசின்' என்ற மென்பொருளை விற்றவர்கள்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2005 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. சுத்தமான கணினியிலும் அதன் இலவசச் சோதனை ஒற்று நிரல் இருப்பதாகக் காட்டியது என்பது குற்றச்சாட்டு. 2008இல் வின்ஃபிக்சர் முதலான போலிகளை விற்றவர்கள்மீது அதே ஆணையம் வழக்குத் தொடுத்தபோது, ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று கூறியது. இல்லாத ஜாடியை இருப்பதாகச் சொல்லிக் கூலி கேட்டவர்கள் இவர்கள்.

அப்படியானால் நல்ல காவலனை எப்படி அறிவது? இங்கே இரு கேள்விகள் உள்ளன: அவனுக்குத் திறமை உண்டா, அவன் நம்பத் தக்கவனா. திறமையை அளக்கலாம். 2004 அக்டோபரில் எரிக் ஹோவஸ் என்பவர், கணினியில் வேண்டுமென்றே ஒற்று நிரல்களை ஏற்றி, இருபது சொச்சம் கருவிகளால் அவற்றை நீக்கிப் பார்த்தார். முதலிடம் பெற்ற கருவியே முக்கியமான தடயங்களில் கால் பங்கை விட்டுவிட்டது. இந்த அளவை மட்டும் போதாது. எல்லாரையும் திருடன் என்று சொல்லும் காவலன் ஒரு திருடனையும் தவறவிட மாட்டான். ஆகவே சுத்தமான கணினியிலும் கருவியை ஓட்டி, அது பேசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக்கூடங்கள் பொய் எச்சரிக்கைகளையும் எண்ணுவது இதனால்தான்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல் இதையே அரசனுக்குச் சொல்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒன்றானால் நம்பலாம். இதில் 'ஒருவரையொருவர் அறியாத' என்னும் நிபந்தனையை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் கருவியைத் தன் பெயரில் வெளியிட்டது. ஜயன்டோடு முன்பே ஒப்பந்தம் செய்திருந்த சன்பெல்ட், அதே அடித்தளத்திலிருந்து கவுன்டர்ஸ்பை என்ற கருவியை விற்றது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று நிம்மதி அடைந்தவர், ஒரே வாயின் சொல்லை இருமுறை கேட்டவரே.

நம்பகம் இதைவிடக் கடினமானது, ஏனெனில் அது காலத்தோடு மாறும். 2005 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் கருவி, கிளாரியா நிறுவனத்தின் விளம்பர நிரல்களைத் தனிமைப்படுத்தச் சொல்வதை விட்டு, பொருட்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கியது. கிளாரியாவை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போகிறது என்ற பேச்சு அப்போது அடிபட்டது. எல்லார்க்கும் ஒரே விதி என்றே நிறுவனம் விளக்கமளித்தது. அவாஸ்ட் பல ஆண்டுகள் நற்பெயரோடு இருந்த காவல் மென்பொருள். அது தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றது 2020இல் அம்பலமானது. 2024இல் அமெரிக்க ஆணையம் அதன்மீது 165 லட்சம் டாலர் விதித்தது. இலவசக் காவலனுக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்கவில்லை.

இவையெல்லாம் பண இழப்போடும் மன உளைச்சலோடும் முடிபவை. அப்படி முடியாத ஒன்றும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த அருட்தந்தை ஸ்டான் சுவாமி, பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில், காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். அவர் தரப்பு வழக்கறிஞர்களுக்காக அவருடைய கணினியின் பிரதியை ஆராய்ந்த ஆர்செனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2022 டிசம்பரில் வெளிவந்தது. நெட்வயர் என்ற ஒற்று நிரல் வழியே 2014 முதல் அக்கணினிக்குள் யாரோ இருந்தார்கள், ஆவணங்களை வைத்தார்கள், போலீஸார் கணினியைக் கைப்பற்றிய 2019 ஜூன் 12க்கு முந்தைய நாள் தடயங்களைத் துடைக்க முயன்றார்கள் என்று அது கூறியது. அவ்வழக்கில் ஆர்செனலின் முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. இறந்தவர் தம் தரப்பை நீதிமன்றத்தில் நிறுவ இனி வழியில்லை.

ஐயர் வீட்டில் தண்ணீர் இறைத்தவரின் கைக்கு ஜாடி வந்தது. கணினி என்னும் கிணற்றில் அப்படி எதுவும் தானாக மேலே வருவதில்லை. ஆகையால்தான் இறைத்துப் பார்க்கும் கருவி எது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. 'ஒன்றும் காணப்படவில்லை' என்று அது சொன்னால், தனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை என்பதே பொருள். பெகாசஸ் குறித்து உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்து, ஐந்தில் ஏதோ தீநிரல் இருக்கிறது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022இல் தெரிவித்தது. தேர்ந்தவர்களின் சொல்லே அவ்வளவு அடக்கமாக இருக்கிறது. ஒரு நொடியில் முந்நூறு ஒற்றர்களைப் பிடித்துவிட்டேன் என்று முழங்கும் மென்பொருளைக் கண்டால், அதற்கு அவர்களை முன்பே எப்படித் தெரியும் என்று முதலில் கேட்போம்.