யானை நடந்தால் காடு தழைக்கும். வழியை அடைத்தால் வயலுக்கும் கேடு

யானை மரத்தை முறிக்கிறது, பட்டையை உரிக்கிறது, மூங்கிலைச் சாய்க்கிறது. அதைப் பார்த்துவிட்டு, காட்டை அழிக்கும் விலங்கு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் யானை மிச்சம் வைத்துப் போவதில்தான் பல உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் அது ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால்தான் இந்த நன்மை கிடைக்கும்.

விதையும் எருவும்

வளர்ந்த யானை நாள் ஒன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும். அதில் பாதிக்கு மேல் செரிக்காமல் லத்தியாக வெளியேறுகிறது. அதோடு வரும் புளி, விளா போன்ற விதைகள் முளைக்கும் திறனோடு இருக்கும். தின்று ஒன்றிரண்டு நாள் கழித்து, சில கிலோமீட்டர் தள்ளி விழுவதால், கன்று தாய்மரத்தின் நிழலில் சிக்காமல் வளரும். அடியுரமும் கூடவே கிடைத்துவிடுகிறது. சாணி வண்டுகள் லத்தியை மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. இலங்கையில், கோடையில் காய்ந்த லத்திக்குள் தவளைகள் தங்குவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

முறித்த கிளையும் தோண்டிய ஊற்றும்

யானை சாய்த்த மூங்கிலின் இலையும் கிளையும் எட்டும் உயரத்துக்கு வருவதால் புள்ளிமானும் காட்டெருமையும் மேய்கின்றன. மரம் விழுந்த இடத்தில் வெயில் பட்டுப் புல் வளர்கிறது. வறண்ட ஆற்று மணலில் யானை தோண்டும் ஊற்றில் மற்ற விலங்குகளும் தாகம் தீர்த்துக்கொள்கின்றன. மியான்மரில், மழைநீர் தேங்கிய யானைக் கால்தடங்களில் தவளை முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் பதிவாகியுள்ளன.

ஓரிடத்தில் அடைபட்டால்

யானை எல்லா மரத்தையும் ஒரே மாதிரி தின்பதில்லை. முதுமலையில் 50 எக்டேர் காட்டில் இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் ஒவ்வொரு மரத்தையும் கணக்கெடுத்து வருகிறது. அங்கே பருத்தி, வெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கைடியா என்ற மரம் யானை மேய்ச்சலால் வெகுவாகக் குறைந்தது. கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் மேய்ந்த இடம் மீண்டும் துளிர்க்கும். வேலியும் கட்டடமும் வழியை அடைத்தால் ஒரே இடம் திரும்பத் திரும்ப மேயப்படும். அடுத்து யானை வயலுக்கு வரும்.

இதனால்தான் நீலகிரி சீகூர் பகுதியில் தமிழக அரசு 2010-இல் அறிவித்த யானை வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 14.10.2020 அன்று தீர்ப்பளித்தது. அந்தக் காடுகள் வழியே ஓடும் மாயாறு, பவானியோடு சேர்ந்து பவானிசாகர் அணையை நிரப்புகிறது. கீழ்பவானிப் பாசனத்தில் சுமார் 2 லட்சம் ஏக்கர் இதை நம்பியிருக்கிறது.

காட்டோர விவசாயிகள் கவனிக்க

• யானை வழக்கமாகக் கடக்கும் தடத்தில் வேலி, பள்ளம், கட்டடம் போடாதீர்கள்.

• காட்டை ஒட்டிய வரப்போரம் வாழை, கரும்பு, மக்காச்சோளம் வைப்பதைத் தவிருங்கள். பலாவைப் பழுக்கும் முன்பே பறித்துவிடுங்கள்.

• வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். மனித உயிரையும் பறிக்கும். சூரிய மின்வேலி போடும் முன் வனத்துறையிடம் அனுமதி பெறுங்கள்.

• பயிர் சேதமானால் விரட்டப் போகாமல், படம் எடுத்து வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தெரிவித்து இழப்பீடு கேளுங்கள்.