மழுங்கிய வாள் சொல்லும் வரலாறு: ஐரோப்பிய வாட்கலை மீட்டெடுப்பில் பயிற்சிக் கருவிகள்

1570ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சேறிய யோவாகிம் மேயரின் வாட்போர் நூலில் மரச்செதுக்குப் படங்கள் பல உள்ளன. இரு கைகளாலும் பற்றும் நெடுவாளை ஓங்கி நிற்கும் அம்மனிதர்களின் முகத்தில் காப்பு இல்லை. கைகளில் உறை இல்லை. உடுத்தியிருப்பது அக்கால நகரத்தாரின் இயல்பான உடைதான். இன்று அதே நூலைப் பாடமாகக் கொண்டு அதே வெட்டுகளைப் பயில்வோர் எஃகு வலை பின்னிய முகக்காப்பு, பின்தலைக் கவசம், கழுத்துப்பட்டை, பஞ்சு பொதிந்த தடித்த மேற்சட்டை, விரல்களை முழுதும் மூடும் கனத்த கையுறை, முழங்கை முழங்கால் காப்புகள் என அனைத்தும் பூண்டே களமிறங்குகின்றனர். நூல் ஒன்றாக இருக்க, அதனைப் பயிலும் உடல் வேறாகிவிட்டது. அவ்வாறாயின் இன்று பயிலப்படுவது மேயரின் கலைதானா என்ற வினா எழுகிறது. செயல்முறை அறிவை ஏட்டிலிருந்து மீட்க இயலுமா என ஆராயும் எவருக்கும் இது புறக்கணிக்கத்தக்க வினா அன்று.

இக்கலையின் ஆசிரியர் மாணவர் தொடர்ச்சி அறுந்துபோனது. நெடுவாளையும் சிறுகேடயத்தையும் நேரில் கற்பித்த ஆசான்களின் வழி எதுவும் இன்றுவரை வந்து சேரவில்லை. எஞ்சியவை சுவடிகளே. அவற்றுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் படைக்கல அருங்காட்சியகத்தில் உள்ள 'ஐ.33' எனும் குறியீடு பெற்ற தோற்சுவடி. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அச்சுவடியில் ஒரு பாதிரியார் தம் மாணவனுக்கு வாளும் சிறுகேடயமும் கற்பிக்கிறார். இறுதி ஏடுகளில் வால்புர்கிஸ் என்னும் பெண்ணொருத்தி வாளேந்தி நிற்கிறாள். அவள் யார் என்பதற்குச் சுவடி விடை தரவில்லை.

ஜெர்மானிய மரபின் மூலவராகப் போற்றப்படும் யோகன்னஸ் லீக்டெனாவர் தம் கலையை மனனம் செய்யத்தக்க செய்யுட்களாக யாத்தார் என்பது மரபுச் செய்தி. தகுதியற்றோர் கைக்குக் கலை போய்ச்சேராதிருக்க அவர் சொற்களை வேண்டுமென்றே மறைபொருளாக அமைத்தார் என்று 15ஆம் நூற்றாண்டு உரைநூல்களின் முன்னுரை கூறுகிறது. தமிழ் இலக்கண மரபில் பழகியோருக்கு இது புதிதன்று: நூற்பா தனித்து நின்றால் பொருள் விளங்காது, உரையாசிரியர் வந்து விரிக்க வேண்டும். லீக்டெனாவரின் செய்யுட்களுக்கும் சீக்மண்ட் ரிங்கெக் முதலியோர் பெயரால் வழங்கும் உரைகள் உண்டு. ஆயினும் இலக்கண உரைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லே போதும். வாட்போர் உரைக்கு எடுத்துக்காட்டு உடலில்தான் நிகழ வேண்டும். மூலமும் உரையும் கிடைத்த பின்னும் மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது. வாளைக் கையிலெடுத்துச் செய்து பார்ப்பதே அது. கருவியின் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

'சினவெட்டு' என்று பொருள்படும் பெயருடைய அடிமுறையை எடுத்துக்கொள்ளலாம். எதிரி மேலிருந்து வெட்ட வருகையில் தானும் மேலிருந்து குறுக்காக வெட்டி அவன் வாளைச் சந்திப்பது அதன் தொடக்கம். வாளும் வாளும் மோதி ஒட்டிய கணத்தில் எதிரியின் அழுத்தம் மென்மையாக இருப்பின் முனையை நேரே அவன் முகத்துக்குச் செலுத்த வேண்டும்; அவன் வலிந்து அழுத்தினால் வேறு வழி தேட வேண்டும். அந்த வன்மை மென்மையை அறிவது கண்ணால் அன்று, வாளின் வழியாகக் கைக்கு வந்துசேரும் உணர்ச்சியால். உரைகள் இவ்வுணர்வைக் கலையின் உயிர்நிலையாகவே பேசுகின்றன. விரல் ஒவ்வொன்றின் மேலும் நெகிழித் தகடு பொருத்திய இன்றைய கையுறைக்குள் அவ்வுணர்வு எவ்வளவு எஞ்சும்? கூர்வாள்கள் மோதுகையில் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன என்றும், மழுங்கிய விளிம்புகள் வழுக்குகின்றன என்றும் பயில்வோர் பலர் கூறுவர். நைலான் வாள்களோ இன்னும் அதிகமாக வழுக்கித் துள்ளும் இயல்பின. ஆக, ஒரே வரியை மூன்று கருவிகளால் செய்து பார்ப்பவருக்கு மூன்று பொருள் கிடைக்கக்கூடும்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லப்படுவதுண்டு: பழங்காலத்தவர் உண்மையான வாளால் பயின்றனர், நாம்தான் போலியால் பயில்கிறோம் என்று. இது பாதி உண்மையே. 16ஆம் நூற்றாண்டிலேயே பயிற்சிக்கென்று தனி வாள் இருந்தது. இன்று 'ஃபெடர்' என அழைக்கப்படும் அவ்வாளில் கூர் இல்லை. அலகு ஒடுங்கி மெலிந்து வளையும் தன்மையது. கைப்பிடிக் குறுக்குக்கு மேலே மட்டும் அகன்று தட்டையான பகுதி ஒன்று உண்டு. அப்பகுதி எடையைக் கைக்கு அருகே சேர்த்து, கூர்வாளுக்கு ஒப்பான சமநிலையைத் தருகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இவ்வகை வாள்கள் உள்ளன. மேயரின் படங்களில் நெடுவாளாகக் காட்சியளிப்பதும் இதுவே. அதாவது, பார்ப்போர் 'வாள்' என்று கருதும் அது அன்றே பயிற்சிக் கருவிதான். வளைந்த 'துசாக்' எனும் மரக்கருவியும் மேயரின் பாடத்தில் தனிப்பகுதி பெற்றுள்ளது.

கருவி இவ்வாறு அமைந்ததும் விதியும் அதற்கேற்ப அமைந்தது. நகர மன்றத்தின் இசைவு பெற்று, பார்வையாளரிடம் காசு வாங்கி நடத்தப்பட்ட ஜெர்மானிய வாட்போட்டிகளில் குத்துதல் விலக்கப்பட்டிருந்தது. உடலின் மிக உயர்ந்த இடத்தில் குருதி வரச்செய்தவனே வென்றவன். ஆகவே தலையே முதன்மை இலக்கு. முகக்காப்பு இல்லாத இடத்தில் குத்தை அனுமதித்தால் கண்ணும் உயிரும் போகும் என்பது வெளிப்படை. நெடுவாளால் குத்தும் வழக்கம் தம் காலத்து ஜெர்மானியரிடையே இல்லை என்று மேயரே குறிப்பிடுகிறார். முந்தைய நூற்றாண்டின் உரைகளில் முகத்துக்கு நேரே பாய்ந்த முனை, மேயரின் நெடுவாள் பகுதியில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. கலை சீரழிந்ததன் அடையாளமாக இதனைக் கண்டோர் உண்டு. அது மிகைத் தீர்ப்பு. மேயரின் நெடுவாள் வேறொரு களத்துக்குரியது. அதே நூலின் ரேப்பியர் பகுதியில் அவர் குத்தைத் தயக்கமின்றிக் கற்பிக்கிறார்.

இத்தாலியரான ஃபியோரே தெய் லிபெரி 1409ஆம் ஆண்டையொட்டி இயற்றிய நூலின் முன்னுரை இவ்வகையில் அரிய சான்று. தம்மிடம் கலையைக் கற்க முடியாத பொறாமையால் பிற ஆசான்கள் தம்மை அறைகூவி அழைத்ததாகவும், இவ்வாறு ஐந்து முறை கூர்வாள் ஏந்திப் பொருத நேர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார். உடலில் பஞ்சுச் சட்டையும் கையில் மான்தோல் உறையும் தவிர வேறு காப்பு அணியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். இரும்புக் கவசம் பூண்டு தடுப்புக்குள் பொருவதைவிட இது மிகக் கொடியது என்பது அவர் கருத்து: கவசம் உள்ளவன் பல அடி வாங்கியும் வெல்லக்கூடும், இங்கே ஒரு தடுப்புத் தவறினால் அந்த ஓர் அடியே மரணம். உடலின்மேல் எது இருக்கிறதோ அதுவே போர்முறையைத் தீர்மானிக்கிறது என்பதை 15ஆம் நூற்றாண்டு வாள்வீரர் ஒருவரே உணர்ந்து பதிவுசெய்திருக்கிறார்.

மீட்டெடுப்பின் முதல் முயற்சி விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நிகழ்ந்தது. எகர்ட்டன் காஸில் 1885இல் வாட்பள்ளிகளின் வரலாற்றை எழுதினார். அவருடைய தோழர் ஆல்ஃபிரட் ஹட்டன் 1892இல் பழைய வாள்முறைகளைப் பயிற்சிப் பாடமாக்கி நூல் வெளியிட்டார். ஹட்டனின் தொடக்கம் இந்திய மண்ணோடு தொடர்புடையது: இங்கே நிலைகொண்டிருந்த 79ஆம் கேமரன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் இளம் அலுவலராக இருந்தபோது படைவீரருக்கென வாட்பயிற்சிக் கழகம் ஒன்றை அமைத்து, அதற்காகவே 1862இல் தம் முதல் சிறுநூலை எழுதினார். ஆயினும் இவர்கள் தம் காலத்து மெல்லிய வாள்விளையாட்டையே வளர்ச்சியின் உச்சமாகக் கொண்டு, பழையதை அதன் முரட்டுத் தொடக்கமாகப் பார்த்தனர். நெடுவாளின் நுட்பம் அவர்களுக்குப் பிடிபடாததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1990களில் தொடங்கிய இன்றைய இயக்கம் சுவடிகளை அவற்றின் சொந்த மொழியில் வாசித்தது. அதன் வலிமை அங்கேதான். ஆனால் தொடக்கத்தில் கருவியே இல்லை. மரவாளாலும், பிற விளையாட்டுகளுக்குரிய கையுறைகளாலும் காலம் தள்ளினர். பின்னர் வளையும் எஃகு ஃபெடர்களும் 350 அல்லது 800 நியூட்டன் ஊடுருவல் தாங்கும் சட்டைகளும் சந்தைக்கு வந்தன. போட்டிகளும் வளர்ந்தன, ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 2006 முதல் நடைபெறும் 'ஸ்வோர்ட்ஃபிஷ்' அவற்றுள் புகழ்பெற்றது. காப்பு கனத்ததும் அச்சம் குறைந்தது. அச்சம் குறைந்ததும் இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் இரட்டை அடிகள் பெருந்தொல்லையாயின. கூர்வாள் முன்னே அப்படிப் பாய்பவன் பித்தன். இதனைத் தடுக்க, இரட்டை அடிக்குப் புள்ளி மறுத்தல், அடித்தவன் உடனே திருப்பி அடிபட்டால் புள்ளியைக் குறைத்தல் எனப் பல விதிகள் வகுக்கப்பட்டன. மேயர் காலத்துப் போட்டிகள் காப்பின்மையால் குத்தை இழந்தன. இன்றைய போட்டிகள் குத்தை மீட்டு, தற்காப்பு அச்சத்தை இழந்தன.

இதனால் செய்முறை வழி ஆய்வு பயனற்றது என்றாகாது. நாற்காலியில் அமர்ந்தே சுவடி வாசித்த மொழியியலாளர் பலர் தவறவிட்ட சொற்பொருள், இருவர் எதிரெதிரே நின்றதும் விளங்கியதுண்டு. தேவைப்படுவது ஒரு எளிய ஒழுங்கு: ஒரு வரிக்கு விளக்கம் தருபவர், எத்துணை எடையும் வளைவும் உடைய வாளால், எந்தக் கையுறையோடு, எத்தகைய விதியின் கீழ் அதைச் சோதித்தார் என்பதையும் சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். அகழாய்வாளர் மண்ணடுக்கைக் குறிக்காமல் பானையோட்டை மட்டும் காட்டினால் யாரும் ஏற்பதில்லை. வாட்கலை பற்றிய கட்டுரைகளில் இக்குறிப்பு இன்னும் கட்டாயமாகவில்லை.

இந்நூல்கள் நம் கைக்கு வந்த விலையும் சிறிதன்று. ஆக்ஸ்பர்க் நகர அலுவலர் பவுலஸ் ஹெக்டர் மையர் வாட்கலைச் சுவடிகளைத் தேடி வாங்கினார். ஓவியரை அமர்த்தி, பெருந்தொகுப்பு ஒன்றைப் படங்களோடு படியெடுக்கச் செய்தார். அவர் செலவழித்த பணம் நகரக் கருவூலத்திலிருந்து களவாடப்பட்டது. 1579இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அத்தொகுப்பின் படிகள் இன்று டிரெஸ்டன், மியூனிக், வியன்னா நூலகங்களில் உள்ளன. அவற்றின் வண்ண ஓவியங்களிலும் கவசமின்றிப் பொரும் வீரர்கள் பலரின் கைகளில் உறை இல்லை.