ஹர்த்தால்: பூட்டு யார் கையில்?

ஹர்த்தால் என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டோம். "ஸ்கூல் லீவு சேர்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது. சிரித்தாலும் யோசிக்க வைத்தது. இச்சொல்லின் வரலாற்றைப் பெரியவர்களான நாமும் மறந்துவிட்டோம்.

ஹர்த்தால் குஜராத்தி மொழியிலிருந்து பரவிய சொல். கடை, பூட்டு என்ற இரு சொற்கள் சேர்ந்தது. கடைக்காரர் தன் கடையைத் தானே பூட்டித் தன் எதிர்ப்பைக் காட்டுவது. வேலைநிறுத்தம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலானது. ஹர்த்தாலிலோ முதலாளியும் சேர்ந்து நட்டப்படுகிறார்.

1919இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் காந்தி ஹர்த்தாலுக்கு அழைத்தபோது அது நோன்பும் பிரார்த்தனையும் கொண்ட நாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ய வேண்டியவர்கள் முன்அனுமதி பெற்றே வேலையை நிறுத்த வேண்டும் என்பது அவர் நிபந்தனை. முதலில் குறித்த நாள் மார்ச் 30. அது ஏப்ரல் 6க்கு மாற்றப்பட்டது. டெல்லி மக்கள் முதல் திகதியிலேயே கடையடைத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. சில நாட்களில் டெல்லி ஜும்ஆ மஸ்ஜிதில் இந்துத் துறவியான சுவாமி சிரத்தானந்தர் மக்கள் முன் உரையாற்றினார். துயரம் இரு சமூகங்களையும் அவ்வளவு நெருக்கமாக்கியிருந்தது.

நம் நாட்டில் இச்சொல்லின் பெரிய நாள் 1953 ஓகஸ்ட் 12. கூப்பன் அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமானது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் அழைப்பு விடுத்தன. கடைகள் மூடப்பட்டன. அதோடு நிற்காமல் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன, மரங்கள் வீதிக்குக் குறுக்கே விழுந்தன, உயிர்களும் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். கடைப்பூட்டு என்ற சொல் இங்கே மக்கள் எழுச்சி என்ற பொருளைப் பெற்றது.

கேரளத்தில் வேறு கதை. 1997இல் உயர் நீதிமன்றம் 'பந்த்' நடத்துவதைச் சட்டவிரோதம் என்றது. அதன்பின் கட்சிகள் அதையே 'ஹர்த்தால்' என்று அழைக்கத் தொடங்கின. பெயர்தான் மாறியது, கட்டாயம் மாறவில்லை.

நம் கிழக்குக்கும் இரண்டு அனுபவமும் உண்டு. நியாயத்துக்காக மனமொத்துக் கடையடைத்த நாட்களும் உண்டு. கல் விழுமே என்ற பயத்தில் ஷட்டரை இழுத்த நாட்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: மூடிய கடை, வெறிச்சோடிய வீதி. உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் ஓட்டோக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே உறவுகளே, ஹர்த்தால் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயுதமில்லாதவனுக்கு அது பெரிய ஆயுதம். அழைப்பவர்கள் காரணத்தை விளக்கட்டும், கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சோற்றுக்கு வழி சொல்லட்டும். பூட்டுவதா திறப்பதா என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கட்டும். தன் கையால் பூட்டினால்தான் அது எதிர்ப்பு. அடுத்தவர் வந்து பூட்டினால் அதற்கு வேறு பெயர்.

நாளை வகுப்பில் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லப்போகிறோம்.