வை. மு. கோதைநாயகி அம்மாள்

தமிழ் நாவலின் வரலாற்றைக் கூறப் புகுவோர், 1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தொடக்கமாகக் கொண்டு, இராஜமையர், மாதவையா என்போரைப் போற்றி, அப்பாற் கல்கிக்குத் தாவுதல் பெருவழக்கு. இடையே 115 நாவல்களை எழுதிய ஒரு பெண்மணி, அவர்தம் நூல்களில் ஒரு வரியளவில் அடங்கிவிடுகின்றார்.

அவரே வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901 இல் வைணவக் குடியொன்றிற் பிறந்த அவர், ஐந்தரை வயதிலே பார்த்தசாரதி என்பாருக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். பள்ளி சென்று பயின்றாரல்லர். கதை சொல்லும் ஆற்றல் இயல்பாகவே அமைந்திருந்தது. எழுதும் பயிற்சியோ இல்லை. ஆகவே, தம் முதற் படைப்பாகிய 'இந்திரமோஹனா' என்னும் நாடகத்தை அவர் வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் எழுதவும் பயின்று, 1925 இல் 'ஜகன்மோகினி' என்னும் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று, 'வைதேகி' என்னும் நாவலை அதில் தொடராக வெளியிட்டார். பிறர் கையால் எழுதுவித்த ஒருவர் விரைவிலே பத்திரிகாசிரியரானமை சிந்திக்கற்பாலது.

அவர் பணி எழுத்தோடு அமையவில்லை. காந்தியடிகளின் வழிநின்று மேடைகளிற் பேசியும் பாடியும் வந்தார். 1932 இல் அந்நியத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அவரது 'அனாதைப் பெண்' 1938 இல் திரைப்படமாயிற்று.

இத்தகையாரை வரலாறு ஒதுக்கியமைக்குக் காரணம் யாது? அவர்தம் கதைகளில் எதிர்பாராத் திருப்பங்கள் மிகுதி, அறிவுரை நீளும், பாத்திரங்கள் நல்லோர், தீயோர் என இருபாற்பட்டு நிற்பர். இக்குறைகளை மறுத்தல் இயலாது. ஆயின், கலைநயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு வரலாறு எழுதுதல் பொருந்துமோ என்பதே எம் வினா. இலக்கிய வரலாறென்பது சிறந்த நூல்களின் அட்டவணை மாத்திரமன்று; எழுதும் உரிமை யார் யாருக்கு எவ்வாறு எய்திற்று என்பதும், புதிய வாசகர் எவ்வாறு தோன்றினர் என்பதும் அதனுள் அடங்கும். பள்ளி வாயிலை மிதியாத பெண்ணொருத்தி அச்சகத்தையும் சஞ்சிகையையும் தன் கருவிகளாக்கிக்கொண்ட செய்தி, அவ்வரலாற்றில் ஓர் அதிகாரத்துக்குரியது.

1960 இல் அம்மையார் மறைந்தார். சங்ககாலப் பெண்பாற் புலவர்தம் பெயர்களை மனனஞ் செய்யும் எம் மாணவர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த இக் கோதையின் பெயரையும் அறிதல் வேண்டும். அவர் நாவல்களைப் படித்தபின் குறைகூறுதல் தகும். படியாது மறத்தல் தகாது.