குண்டு அளந்த நிலமும் குண்டை அளந்த மனிதரும்

தண்ணீர்மலையின் படிகளை ஏறி உச்சியில் நின்று நோக்குவார்க்குக் கீழே ஜார்ஜ் டவுன் நகரமும் அதற்கப்பால் கடலும் விரிந்து தோன்றும். தைப்பூசத்துக்கு வருவோர் அக்காட்சியைக் கண்டு களித்து இறங்கிவிடுவர். அந்நகரின் சரித்திரத்தில் பீரங்கியும் துப்பாக்கியும் வகித்த பங்கை நினைப்பவர் சிலரே. மலையிலிருந்து சிறிது தொலைவில், ஆயர் ஈத்தாம் பக்கத்தில், பாடாங் தெம்பாக் என்றோர் இடம் உண்டு. சுடும் திடல் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். 1960களின் இறுதியில் எளியோர்க்கான அடுக்கு வீடுகள் அங்கே எழுந்தன. அதற்குமுன் அது துப்பாக்கி பழகும் வெளியாக இருந்தது. வெடிச் சத்தம் ஓய்ந்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சென்ற விடுமுறையில் நம் தமக்கையின் மகனோடு அவ்வழியே போக நேர்ந்தது. அவன் உரிமம் பெற்ற குறிசுடும் சங்கமொன்றில் சேர்ந்து பழகுகிறவன். “மாமா, குண்டின் வேகத்தை அளக்க ஒரு குரோனோகிராப் வாங்கவேண்டும். மூன்று வகை இருப்பதாகச் சொல்லுகிறார்கள். எதை வாங்கலாம்?” என்று கேட்டான். தோட்டத்தில் பேரேடு எழுதும் கிராணிக்குத் துப்பாக்கியைப்பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் நகைக்கலாம். துப்பாக்கியைப்பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அளவையைப்பற்றிச் சிறிது தெரியும். அவனுக்குச் சொல்லத் தொடங்கிய விடை, சரித்திரமாக நீண்டுவிட்டது. அதையே ஒழுங்குபடுத்தி ஈண்டு எழுதுகின்றோம்.

பினாங்கிலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பை என்னும் பழைய பீரங்கி ஒன்று இருக்கிறது. 1603 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட டச்சுக்காரர் பீரங்கி அது. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதன் வாயில் மலர் வைத்து வேண்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது, வெள்ளிக் காசுகளைப் பீரங்கியிலிட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்றும், காசு பொறுக்கும் ஆசையால் ஆட்கள் காட்டை வெட்டித் தள்ளினர் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. ஆக, பீரங்கி என்றால் நமக்கு ஒன்று வணங்கும் பொருள். இல்லையேல் கதை சொல்லும் பொருள். அதன் வாயிலிருந்து புறப்படும் குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டாகவில்லை. அக்கேள்வியைக் கேட்டு முதன்முதலில் செவ்வையான விடை கண்டவர் தமிழ் மண்ணிலேயே உயிர்விட்டார் என்பதை அறிந்தவரும் நம்மில் அரியர்.

அந்த மண் கடலூர். அங்குள்ள தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். செயின்ட் டேவிட் கோட்டை என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை வரையறுக்க அவர்கள் கையாண்ட முறை விசித்திரமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது. குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்களெல்லாம் கும்பெனிக்குச் சொந்தம். அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரே வழங்கலாயிற்று. பினாங்குக் கதையில் காசைக் குண்டாக்கிக் காட்டை வெட்டினர். கடலூரில் குண்டை அளவுகோலாக்கி ஊர்களை வாங்கினர்! அவ்வூர்களில் ஏர் பிடித்தவனை எவரேனும் ஒரு சொல் கேட்டிருப்பார்களா?

குண்டு நிலத்தை அளந்தது அக்காலம். குண்டையே அளக்கும் காலம் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது. இங்கிலாந்தில் பாத் நகரில் 1707இல் பிறந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். போரே கூடாதென்னும் குவேக்கர் சமயக் குடும்பத்துப் பிள்ளை, பின்னர்ப் போர்க்கருவிகளின் கணிதத்தில் தலைசிறந்தவரானது காலத்தின் விந்தை. 1742இல் அவர் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பெருங் கணித மேதையாகிய ஆய்லர் அதனை 1745இல் விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் கொணர்ந்தார் என்றால், அந்நூலின் பெருமையை வேறு சொல்லவேண்டுவதில்லை.

அதற்கு முன்னிருந்த அறிஞர்கள் குண்டின் பாதையைக் காகிதத்திலே கணக்கிட்டு வந்தார்கள். காற்றின் தடையை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத காற்று, கனத்த இரும்பை என்ன செய்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். வேகத்தை அளக்கவோ வழியில்லை. கண் இமைக்குமுன் கடந்து போவதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

ராபின்ஸ் கடிகாரத்தைத் தேடவில்லை. வேகமாகப் போவதை அளக்க முடியாதென்றால், அதை மெல்லப் போகும்படி செய்து அளக்கலாம் என்று சிந்தித்தார். கனத்த மரப்பலகையொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டார். குண்டு பலகையில் பதிந்து நின்றது. பலகை பின்னே ஆடியது. எவ்வளவு தூரம் ஆடிற்று என்பதை அதனோடு இணைத்த ஒரு நாடா காட்டியது. குண்டின் எடை பவுண்டில் 12இல் ஒரு பங்கு என்றும், ஊசலின் எடை 56 பவுண்டு என்றும் கொள்வோம். குண்டைப்போல் 672 மடங்கு கனமுள்ளது ஊசல். குண்டு வந்து ஒட்டியபின் இரண்டும் சேர்ந்து 673 பங்கு. எடையையும் வேகத்தையும் பெருக்கிவரும் தொகை மோதலுக்கு முன்னும் பின்னும் ஒன்றே என்பது நியூட்டன் வழிவந்த விதி. ஆதலின், வினாடிக்கு 1600 அடி பறந்த குண்டின் வேகம், 673இல் ஒரு பங்காகக் குறைந்து, ஏறத்தாழ 2.4 அடியாகிவிடும். அது நாம் சாவதானமாக நடக்கும் நடையினும் மெல்லியது! அதனை அளப்பதற்கு நாடாவும் கணக்கும் போதுமன்றோ?

இவ்வாறு அளந்து, துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 1600 அடிக்குமேல் செல்லும் என்று அவர் கண்டார். பின்னர்ப் பலகையைத் தள்ளித்தள்ளி வைத்துச் சுட்டபோது, தூரம் ஏற ஏற வேகம் விரைந்து குறைவதும் வெளிப்பட்டது. காற்றின் தடை அற்பமானதன்று என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. 24 பவுண்டுக் குண்டு, காற்றில்லாத வெளியானால், 16 மைல் போகவேண்டும். உண்மையில் 3 மைலுக்கும் உட்பட்டே விழுகிறது. நூறாண்டாகப் பேராசிரியர்கள் போற்றிவந்த கணக்கை, தொங்கும் பலகையொன்று பொய்யாக்கிவிட்டது. எவ்வளவு பெரியவர் சொன்னார் என்பதன்று, அளந்து பார்த்தாயா என்பதே கேள்வி.

நிற்க. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டதால், கும்பெனியின் தலைமையிடம் கடலூருக்கு மாறியது. கோட்டைகளைச் செப்பனிடக் கும்பெனியார் ராபின்ஸையே தலைமை எஞ்சினியராக அமர்த்தினர். 1750இல் அவர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். நம் நாட்டு வெயிலும் காய்ச்சலும் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள், கும்பெனியாருக்கு அறிக்கை எழுதும் வேலையிலேயே, தம் 44ஆம் வயதில் அவர் இறந்தார். பேனா கையிலிருக்க உயிர் பிரிந்தது என்பர். எந்தக் கோட்டையின் நிலம் குண்டு விழுந்த தூரத்தால் அளக்கப்பட்டதோ, அந்தக் கோட்டையிலேயே குண்டை அளந்தவரின் வாழ்வும் முடிந்தது. அதே ஆண்டுகளில், சில காத தூரத்தில், புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் தமிழன் அரசியலைப் பதிவு செய்தான். மற்றோரிடத்தில் அயலான் இயற்கையைப் பதிவு செய்தான். இரண்டும் ஓரிடத்தில் கூடியிருந்தால் நம் சரித்திரம் எவ்வாறு இருந்திருக்கும்!

ராபின்ஸின் ஊசல் நூறாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்தியது. மின்சாரம் வந்தபின்னர்தான் காலத்தை நேரே பதியும் குரோனோகிராப் பிறந்தது. அவற்றுள் பெயர்பெற்றது, 1860களில் பெல்ஜியப் படை அதிகாரி லெ புலான்ஷே அமைத்த யந்திரம். இரண்டு மின்காந்தங்களில் ஒரு நீண்ட கோலும் ஒரு குட்டைக் கோலும் தொங்கும். குண்டு போகும் வழியில் இரண்டு கம்பித் திரைகள் இருக்கும். முதல் திரையின் கம்பி அறுந்ததும் நீண்ட கோல் விழத் தொடங்கும். இரண்டாம் திரை அறுந்ததும் குட்டைக் கோல் விழுந்து ஒரு விசையைத் தட்டும். உடனே ஒரு கத்தி பாய்ந்து, விழுந்துகொண்டிருக்கும் நீண்ட கோலில் கீறலிடும். விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விழும் என்பது தெரிந்த கணக்கு. கீறலின் இடத்தை அளந்தால் நேரம் கிடைக்கும்.

இந்த யந்திரத்தில் நம் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி வேறொன்று. கோல் விழுவதற்கும் கத்தி பாய்வதற்கும் யந்திரமே சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. அதைக் குண்டின் கணக்கில் சேர்த்தால் விடை தவறிவிடும். ஆகவே சுடுவதற்குமுன், இரண்டு மின்னோட்டங்களையும் ஒரே கணத்தில் அறுக்கும் ஒரு சாதனத்தைக் கொண்டு யந்திரத்தைச் சோதிப்பார்கள். அப்போது விழும் கீறல், யந்திரத்தின் சொந்தத் தாமதத்தைக் காட்டும். அது 0.15 வினாடியாக அமையும்படி திருத்திக்கொள்வது வழக்கம். பின்னர்ச் சுடும்போது 0.20 வினாடி என்று கீறல் விழுந்தால், 0.15 போக மிஞ்சிய 0.05 வினாடியே குண்டின் நேரம். திரைகளின் இடைவெளி 100 அடியானால் வேகம் வினாடிக்கு 2000 அடி. பிறரை அளக்குமுன் தன்னை அளந்துகொள்ளும் யந்திரம் இது!

இதைப் படித்தபோது நம் இளமையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் கிராணியாகச் சேர்ந்த முதல் தோட்டத்தில், கட்டிப்பால் நிறுக்கும் தராசு குறைத்துக் காட்டுகிறதென்று பால்மரம் வெட்டுவோர் முறையிட்டார்கள். தராசு பொய் சொல்லாது, இவர்களுக்குப் பேராசை என்று மேலிடத்தில் சொன்னார்கள். நாமும் அதை நம்பினோம்; ஏட்டில் எழுதிய எண்ணை வேதமாகக் கொண்டோம். முதிய அம்மாள் ஒருவர், “ஐயா, தராசை யார் நிறுத்துப் பார்த்தது?” என்று கேட்டார். அக்கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. முத்திரையிட்ட 20 கிலோப் படிக்கல் ஒன்றைக் கொணர்ந்து வைத்தோம். தராசு 19 என்றது. எத்தனை மாதத்துக் கூலியில் இருபதில் ஒரு பங்கு காற்றோடு போயிற்றோ, யார் அறிவார்? பள்ளியில் ஆங்கிலத்தில் பயின்ற நமக்குத் தோன்றாத விஞ்ஞானம், எழுத்தறியாத அந்த அம்மாளுக்குத் தோன்றியது. அதை இன்று நினைப்பினும் வெட்கமே மிஞ்சுகின்றது.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். இக்காலத்துக் கருவிகளில் ஒரு வகை, குண்டின் நிழல் இரண்டு ஒளியுணரிகளைக் கடக்கும் நேரத்தைக் காண்பது. விலை குறைவு, பழகுவோர்க்குப் போதுமானது. ஆனால் மேகம் மறைத்தாலும், குழல்விளக்கு துடித்தாலும் அது ஏமாறும். குழலின் வாயருகே வைத்தால் வெடியின் அதிர்ச்சியையே குண்டென்று எண்ணிவிடும். ஆதலின் பத்துப் பதினைந்து அடி தள்ளி வைக்கவேண்டும். உணரிகளின் இடைவெளி 24 அங்குலமாயின், அதில் கால் அங்குலம் பிசகினால் நூற்றுக்கு ஒரு பங்கு தவறு. 1000 அடி வேகத்தில் 10 அடி பொய். மற்றொரு வகை, குழலிலேயே கட்டும் காந்த உணரி. வெயிலும் நிழலும் அதற்கு ஒன்றே. எனினும் குழலில் பாரம் ஏறுவதால் குண்டு படும் இடம் மாறக்கூடும். மூன்றாவது ராடார் வகை. பக்கத்தில் வைத்தால் போதும். குண்டு போகப்போக வேகம் குறைவதையும் காட்டும். விலைதான் ஏழைக்கு எட்டாது. சங்கத்தார் கூடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

“எதை வாங்கினாலும், முதலில் அதைச் சோதித்துப் பார், தம்பி. மூன்று குண்டு சுட்டு முடிவு கட்டாதே, பத்தாவது சுடு. சராசரியை மட்டும் பாராமல், மேலும் கீழும் எவ்வளவு விலகுகிறது என்பதையும் எழுதிவை. தெரிந்த வேகமுள்ள தோட்டாவைச் சுட்டு ஒப்பிடு. வேறு ஒரு கருவியோடும் ஒப்பிடு. சோதிக்கப்படாத விலையுயர்ந்த கருவியைவிடச் சோதிக்கப்பட்ட மலிவான கருவி மேல்” என்று சொன்னோம். அவன் சிரித்து, “இதைச் சொல்லவா மாமா இருநூற்றெண்பது ஆண்டுக் கதை சொன்னீர்கள்?” என்றான். ஆம், அதற்காகத்தான்.

ராபின்ஸ் நம்மவரல்லர், நம்மை ஆளவந்தவர்களின் கோட்டையைக் கட்டவந்தவர். அவருக்குச் சிலை வைக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அந்நியர் என்பதற்காக அவர் அறிவைத் தள்ளுவதும் பேதைமை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். கோட்டை போயிற்று, கும்பெனியும் போயிற்று, பலகையை ஆட்டிக் கண்ட உண்மை மட்டும் போகவில்லை. குண்டால் நிலம் அளந்தவர்கள், அளவுகோலைத் தம் கையில் வைத்துக்கொண்டதால் வென்றார்கள். அவ்வளவுகோல் சரியா என்று கேட்கத் தெரியாதவர்கள் நிலத்தை இழந்தார்கள்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைக்கும் தோழர்களே! உங்கள் கூலியை நிறுக்கும் தராசாயினும், உங்கள் பிள்ளையை மதிப்பிடும் தேர்வாயினும், ஏட்டில் எழுதப்பட்ட எண் எதுவாயினும், அந்த அம்மாள் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: தராசை யார் நிறுத்துப் பார்த்தது?