பாடகர் வாழ்க்கை வரலாற்றில் செய்தித் தேர்வு: கே. பி. சுந்தராம்பாளை முன்வைத்து

பாடகர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படுவோர், கிடைத்த செய்திகளைச் சொந்த வாழ்க்கை, கலை வாழ்க்கை என இரு கூறாக்கி, முன்னதில் நாகரிகம் கருதி மௌனம் காத்து, பின்னதை விருதுகளாலும் பட்டங்களாலும் நிரப்பிவிடுவது தமிழில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். ஒரு செய்தி சொந்தமானதா பொதுவானதா என்பது இங்குப் பொருட்டன்று. அது கேட்டோர் செவியில் விழுந்த பாட்டையும் கலைஞர் ஏறிய மேடையையும் மாற்றியதா என்பதே தேர்வுக்குரிய அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

1908இல் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவோடு நாடக மேடையில் இணைந்து பாடிப் பெரும்புகழ் பெற்று, அவரையே வாழ்க்கைத் துணையாகவும் ஏற்றார். 1933 டிசம்பரில் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தபின், சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தி, எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இதனைச் சொந்தத் துயரம் எனக் கருதி ஒரு வரியில் கடந்துசெல்லும் நூலால் அவருடைய திரைவாழ்வை விளக்க இயலாது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஆண்வேடமாகிய நந்தனாராகவே தோன்றியதும், அதன்பின் மணிமேகலையாகவும் (1940), ஔவையாராகவும் (1953), ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகவும் (1964) நடித்ததும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. அவ்வேடங்கள் அனைத்தும் இல்லறத்துக்கு வெளியே நிற்கும் துறவியருக்கும் அடியாருக்கும் உரியவை. அவற்றுக்குரிய பாடல்களும் காதலை விட்டுப் பக்தியையும் அறவுரையையும் பற்றி நின்றன. இருபத்தைந்து வயதில் ஒரு பெண் எடுத்த முடிவு, தமிழ்த் திரையிசையில் ஒரு குரல் எவ்வகைப் பாடலுக்கு உரியதாகும் என்பதையே வரையறுத்துவிட்டது.

இதனோடு பிணைந்த மற்றொரு செய்தி, கிட்டப்பா முன்னரே மணமானவர் என்பது. கண்ணியம் கருதி இதனை விடுவோர் உண்டு. ஆனால் இதனை விட்டுவிட்டால் வெள்ளைச் சேலை ஒரு காதல் கதையின் சோக முடிவாக மட்டுமே சுருங்கிவிடும். சேர்த்துப் படிக்கும்போதோ, மனைவி என்னும் தகுதியை ஊர் முழுமையாக வழங்கியிராத ஒருவர், அத்தகுதியைத் தம் உடையாலேயே வாழ்நாள் முழுதும் நிலைநாட்டிய செயலாகவும் அது தோன்றுகிறது. கண்ணியத்தின் பெயரால் காக்கப்படும் மௌனம், இங்கே அவருடைய உறுதியின் ஆழத்தையே மறைத்துவிடுகிறது.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வரலாறு இதே சிக்கலை வேறொரு முகத்தில் காட்டுகிறது. தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். கலை தாய்வழியாக இறங்கிய தேவதாசி மரபு அவர்களுடையது. பொட்டுக்கட்டுதல், அதாவது பெண்ணைக் கோயிலுக்கு உரியவளாக்கும் சடங்கு, சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அத்தடை நியாயமானதே. எனினும் வழக்கத்தின்மீது படிந்த இழிவு அவ்வீடுகளின் இசைப்பயிற்சியின்மீதும் படிந்ததால், சிறுவர்க்கான நூல்களும் மலர்க் கட்டுரைகளும் சண்முகவடிவின் பெயரைச் சொல்லி, அவர் எந்த மரபில் பயின்றார் என்பதைச் சொல்லாமல் நகர்ந்தன. வீட்டுக்குள் வீணையைக் கேட்டு வளர்ந்த ஒரு குழந்தையின் சுருதிச் சுத்தம் தெய்வ அருளாக மட்டும் விளக்கப்படுவதற்கு இம்மௌனமே வழிவகுத்தது. மூன்று தலைமுறைப் பெண்களின் உழைப்பு அவ்விளக்கத்தில் காணாமற்போனது. அவ்வாறே, 1940இல் நடந்த சுப்புலட்சுமியின் திருமணமும் கலைச்செய்தியே. கணவர் சதாசிவத்துக்கு ‘கல்கி’ இதழைத் தொடங்கப் பொருள் வேண்டியிருந்ததால்தான் சுப்புலட்சுமி 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தார். சதாசிவம் 1997இல் மறைந்தபின் அவர் பொதுக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டதும் அத்திருமணத்தின் தொடர்ச்சியே.

இவ்வளவுகோல் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவதன்று. நோயின் விவரங்கள், உறவினரிடையே எழுந்த சொத்துப் பூசல், மேடையைத் தொடாத நட்புகள், பிறர் வாய்வழி வந்த ஐயங்கள் ஆகியவை பாட்டில் தடம் விடாதவரை நூலில் இடம்பெறத் தேவையில்லை. தனிக்கடிதங்களில் நாடகத் தேதி, ஊதியம், பாடல் தேர்வு பற்றிய பகுதிகளை எடுத்தாளலாம். பெறுபவர் ஒருவரே படிக்கட்டும் என்று எழுதிய பகுதிகளை அச்சேற்ற, எழுதியவர் மறைந்துவிட்டார் என்பது மட்டும் உரிமை தந்துவிடாது. சுந்தராம்பாள் சிறுவயதில் இரயிலில் பாடியதாக வழங்கும் செய்தியை, அதன் வடிவங்கள் நூலுக்கு நூல் வேறுபடுவதால், வழக்கு என்ற குறிப்போடு தருவதே முறை.

விருதுகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை; ஆண்டும் பெயரும் போதும். அவை பிடித்துக்கொண்ட பக்கங்களில் இடம்பெற்றிருக்க வேண்டியவை வேறு. பாடகர் எத்தனை ‘கட்டை’ சுருதியில் பாடினார், அதாவது ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையை ஆதார ஷட்ஜமாகக் கொண்டார் என்பதும், வயது ஏற ஏற அது எவ்வளவு இறங்கியது என்பதும், பக்கவாத்தியம் வாசித்தோர் யாவர் என்பதும் பெரும்பாலான நூல்களில் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரரையும் எட்டியாக வேண்டிய குரலுக்கு உயர்ந்த சுருதி தொழிலின் தேவையாக இருந்தது. சுந்தராம்பாள் பிற்காலப் படங்களில் ஒலிவாங்கியின் முன் நின்று பாடும்போதும் அந்தக் கொட்டகைக்காகவே பாடுவதுபோல் ஒலிப்பதன் காரணத்தை, அவருடைய விருதுப் பட்டியலில் தேட முடியாது.