முதல் ஐயம் மாஸ்கோ மீது: விண்வெளிப் 'பொய்' குற்றச்சாட்டு இடம் மாறிய வரலாறு

நிலவில் மனிதன் இறங்கியது வெறும் நாடகம் என்ற பேச்சின் வரலாற்றை 1976இல் பில் கேசிங் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே இந்தக் குற்றச்சாட்டு ஏறக்குறைய முழு உருவம் பெற்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றது நாசா அல்ல, சோவியத் ஒன்றியம்.

1959 ஜனவரி 2 அன்று ஏவப்பட்ட சோவியத்தின் லூனா 1, நிலவின் மீது மோதியிருக்க வேண்டிய கலம். ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் விலகிப் போய்ச் சூரியனைச் சுற்றத் தொடங்கியது. 1957இல் ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலியைப் பல நாடுகளின் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் தம் காதாலேயே கேட்டிருந்தனர். லூனாவின் குரலைக் கேட்டவர்களோ மிகச் சிலர். அந்த இடைவெளியில்தான் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் லாய்ட் மாலன் நுழைந்தார். அப்படியொரு கலமே பறக்கவில்லை என்று 'ட்ரூ' இதழில் எழுதினார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அறிவியல், விண்வெளியியல் குழு இதற்கெனவே அந்த மே மாதத்தில் விசாரணை நடத்தியது. இதழ்க் கட்டுரை ஒன்றுக்கு இத்தனை மரியாதையா என்று இன்று வியப்பாக இருக்கிறது. எதிரி முந்திவிட்டான் என்பதை ஏற்க மனம் வராத காலம் அது. வல்லுநர்கள் மாலனின் கூற்றை ஏற்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் லூனா 2 நிலவில் மோதியபோது, இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் நிலையத்தில் பெர்னார்ட் லவலின் குழு 76 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் அதைப் பின்தொடர்ந்தது. நிலவின் ஈர்ப்பில் கலம் வேகம் கூடக் கூட அதன் வானொலி அதிர்வெண் சிறிது சிறிதாக மாறும். அந்த மாற்றத்தைக் குழு அளந்துகொண்டிருக்கையிலேயே சமிக்ஞை சட்டென்று அறுந்தது. அந்த அதிர்வெண் மாற்றத்தை மாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு போலியாகச் செய்ய வழியில்லை.

மாலன் அசரவில்லை. 1966இல் ஒரு முழு நூலே எழுதினார். 1965 மார்ச் 18 அன்று சோவியத் விண்வெளி வீரர் அலெக்சி லியோனவ் கலத்துக்கு வெளியே மிதந்த காட்சியைப் படப்பிடிப்புத் தந்திரம் என்றார். கவனிக்க வேண்டியது அவருடைய முறை: வானொலித் தடங்களை ஒதுக்கிவிட்டு, படங்களை மட்டும் துருவுவது. பின்னால் வந்தவர்கள் பலரும் இந்த முறையையே கையாண்டனர்.

மாலனுக்கு ஒரு நியாயம் மட்டும் உண்டு: சோவியத் அரசு உண்மையிலேயே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ககாரின் கலத்தோடு தரையிறங்கவில்லை. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியேறி, தனி பாராசூட்டில் வந்தார். சாதனைப் பதிவுக்கு இடையூறாகும் என்று அதைப் பல ஆண்டுகள் மறைத்தனர். தலைமை வடிவமைப்பாளர் கரலியோவின் பெயர் 1966இல் அவர் இறக்கும்வரை வெளியே வரவில்லை. 1961 மார்ச்சில் பயிற்சி அறைத் தீயில் மாண்ட விண்வெளிப் பயிற்சி வீரர் பண்டரென்கோவைப் பற்றி 1986இல்தான் சோவியத் பத்திரிகை எழுதியது. பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட நெல்யூபவின் உருவம் விண்வெளி வீரர்களின் குழுப் படத்திலிருந்தே அழிக்கப்பட்டது. இப்படித் திருத்தப்பட்ட படங்களை ஒப்பிட்டு அம்பலப்படுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கர் ஜேம்ஸ் ஓபர்க். ஆக, பறந்தது மெய். பறந்தவர்களைப் பற்றிச் சொன்னவற்றில்தான் பொய். இந்த வேறுபாட்டை மாலன் காணவில்லை.

அரசின் இரகசியம்தான் ஐயத்தை வளர்க்கிறது என்றால், தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க நடந்த அமெரிக்காவின் அப்போலோ நிலவுப் பயணங்களின் மீது அது படர்ந்திருக்கக் கூடாது. படர்ந்தது. வியட்நாம் போர் குறித்த பென்டகன் ஆவணங்கள் 1971இல் வெளியாயின. வாட்டர்கேட் 1974இல் நிக்சனைப் பதவி விலகச் செய்தது. இரண்டே ஆண்டில் கேசிங்கின் நூல் வந்தது. அப்போலோவை ஏற்றிச் சென்ற ராக்கெட்டுக்கு எஞ்சின் செய்த ராக்கெட்டைன் நிறுவனத்தில் தொழில்நுட்ப வெளியீடுகளைக் கவனித்து, 1963இல் விலகியவர் அவர். வானில் விண்மீன் இல்லை, கலத்தின் அடியில் குழி இல்லை என்று அவரும் படங்களையே துருவினார். சொந்த அரசு பொய் சொல்லும் என்று கண்ட மக்களுக்கு, மாலனின் பழைய சட்டை இப்போது நாசாவுக்கும் பொருந்தியது. 1978இல் 'கேப்ரிகார்ன் ஒன்' படம் செவ்வாய்ப் பயணம் ஒன்று அரங்கில் நடிக்கப்படுவதாகக் காட்டியது. 2001 பிப்ரவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்த வாதங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

மறுப்பு எழுத நாசா 2002இல் நாடியது வேறு யாரையுமல்ல, அதே ஓபர்க்கை. 15,000 டாலர் ஒப்பந்தம். இது வீண் செலவு என்று ஊடகங்கள் கேலி செய்ததும் நாசா அதைக் கைவிட்டது. ஆதாரங்களை ஓரிடத்தில் தொகுத்துத் தரக் கிடைத்த நல்ல வாய்ப்பு கைநழுவியது என்பது என் கணிப்பு. 382 கிலோ நிலவுப் பாறையும், நிலவிலிருந்து இன்றும் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடிகளும், 2009 முதல் எல்ஆர்ஓ விண்கலம் எடுத்த இறங்குதளப் படங்களும் தனித்தனியே கிடக்கின்றன.

அப்போலோ 11 பயணத்தைப் பொய்யென்று காட்டும் தேவையும் வசதியும் மாஸ்கோவுக்கே அதிகம் இருந்தன. அந்த நாட்களில் சோவியத்தின் லூனா 15 கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து புறப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு அது நிலவில் மோதி நொறுங்கியது. இரு கலங்களையும் ஜோட்ரல் பேங்க் கேட்டுக்கொண்டிருந்தது. சோவியத் அரசு அமெரிக்கர்களின் வெற்றியை மறுக்கவில்லை.

ஆனால் அந்த நாட்டின் வாரிசுகள் பலர் மறுக்கிறார்கள். 2018இல் ரஷ்யாவின் வித்சியோம் கருத்தாய்வு மையம் எடுத்த கணிப்பில், அமெரிக்கர் நிலவில் இறங்கவில்லை என்றவர்கள் 57 சதவீதம். இந்த மறுப்பை ரஷ்யாவில் வெளிப்படையாக எதிர்த்துப் பேசிவந்தவர்களில் ஒருவர், 2019இல் காலமான லியோனவ். 1966இல் மாலன் பொய்யர் என்று பழிசுமத்திய அதே மனிதர்.